பின்கேட்டை மூடிய புள்ளிகள்

மதியம் ஒன்று நாற்பத்திரண்டு. நேரம் இவ்வளவு சரியாக நினைவிருப்பதற்குக் காரணம், அப்போதுதான் வகுப்பை முடித்து வந்து, ஆசிரியர் அறை மேசைமேல் கவிழ்த்து வைத்திருந்த போனைத் திருப்பிப் பார்த்ததுதான். மகளின் பள்ளியிலிருந்து ஒரு செய்தி வந்து கிடந்தது. கனமழை காரணமாகப் பன்னிரண்டரைக்கே பள்ளி விடப்படுகிறது, வேன்கள் கிளம்புகின்றன, பெற்றோர் அவரவர் நிறுத்தத்தில் காத்திருக்கவும். பூந்தமல்லியிலிருந்து எங்கள் அடுக்ககத்துக்கு வேன் முக்கால் மணி நேரத்தில் வந்துவிடும். அப்படியானால், ஐந்தாம் வகுப்பு படிக்கும் என் மகள் இறங்கி அரை மணி நேரம் ஆகியிருக்க வேண்டும்.

நான் பதறவில்லை. இதை எழுதும்போது இப்போதும் கூசுகிறது. டிபன் பாக்ஸைத் திறந்து எலுமிச்சை சாதத்தை இரண்டு வாய் சாப்பிடக்கூடச் செய்தேன். ஏனென்றால் என்னிடம் ஓர் ஏற்பாடு இருந்தது.

அந்த ஏற்பாட்டைச் சொல்வதற்கு முன் எங்கள் அடுக்ககத்தைச் சொல்ல வேண்டும். குத்தம்பாக்கத்துக்குப் பக்கத்தில், புதுப் பேருந்து நிலையம் வருகிறது என்ற ஒரே நம்பிக்கையில் தமிழ்நாட்டின் எல்லாத் திசைகளிலிருந்தும் வந்து குடியேறியவர்கள் நாங்கள். ஒருவருக்கு இன்னொருவரின் ஊர் தெரியாது, குலம் தெரியாது, குணமும் தெரியாது. அதனால் வாட்ஸப் குழுக்கள் ஆரம்பித்தோம். வீட்டு உரிமையாளர்கள் குழு, வாடகைக்கு இருப்பவர்களும் உள்ள குழு, வாடகைக்கு இருப்பவர்களைப் பற்றிப் பேசுவதற்கான குழு, பெற்றோர் குழு, செயலாளரைப் பிடிக்காதவர்கள் குழு, அந்தக் குழுவில் செயலாளரின் உளவாளி இருக்கிறார் என்று சந்தேகம் வந்ததும் தொடங்கிய இன்னொரு குழு. நான் பதினோரு குழுக்களில் இருந்தேன். நான் இல்லாத குழுக்கள் எத்தனை என்பதுதான் என் நிரந்தரக் கவலை.

வேலப்பன்சாவடியில் ஒரு கல்லூரியில் பொருளாதாரம் கற்பிக்கிறேன். அன்று நடத்திய பாடம், இப்போது நினைத்தால் யாரோ என்னைக் கேலி செய்வதற்காகவே பாடத்திட்டத்தில் வைத்தது போல இருக்கிறது. ஆட்டக் கோட்பாட்டில் ஒரு பகுதி: தன் நலம் மட்டுமே பார்க்கிறவர்கள், மற்றவர்களைப் பற்றி முழுதாகத் தெரியாமலே, தங்களுக்குள் எப்படித் தொடர்புகளை ஏற்படுத்திக்கொள்கிறார்கள் என்பது. கரும்பலகையில் புள்ளிகள் வைத்தேன். ஒவ்வொரு புள்ளியும் ஓர் ஆள். இரண்டு புள்ளிகளுக்கு நடுவே கோடு போட வேண்டுமானால் இருவரும் சம்மதிக்க வேண்டும். அழிப்பதற்கு ஒருவர் போதும். கோட்டை வைத்திருப்பதற்குச் செலவு உண்டு: விசாரிக்க வேண்டும், பிறந்தநாள் வாழ்த்து சொல்ல வேண்டும், அவர்கள் வீட்டுச் சுண்டலை வாங்கிக்கொள்ள வேண்டும். ஆகவே ஒவ்வொரு புள்ளியும் குறைந்த கோடுகளில் நிறையப் பேரை எட்டப் பார்க்கும். தன் கோடுகள் மட்டுமே அதன் கண்ணுக்குத் தெரியும். அடுத்தவர் கோடு எங்கே போகிறதென்று தெரியாது. கடைசியில் பல நேரம் என்ன ஆகும் என்றால், எல்லாரும் ஒரே ஆளிடம் போய் ஒட்டிக்கொள்வார்கள். நடுவில் ஒரு புள்ளி, சுற்றிலும் கோடுகள். நட்சத்திரம் மாதிரி. படம் அழகாக வந்திருந்தது.

கடைசி பெஞ்சில் ஒரு மாணவி எழுந்து, "சார், நடுவுல இருக்கறவங்க அன்னைக்கு லீவு போட்டுட்டா?" என்று கேட்டாள்.

வகுப்பு சிரித்தது. "அது நம்ம சிலபஸ்ல இல்லம்மா," என்றேன். இன்னும் பலமாகச் சிரித்தார்கள். நானும்தான்.

எங்கள் நட்சத்திரத்தின் நடுப்புள்ளி நூற்றிரண்டாம் எண் வீட்டு அக்கா. மதுரைப் பக்கம். பிள்ளைகள் வெளிநாட்டில். தரைத்தளத்தில் வீடு, வாசலில் நாற்காலி, எப்போதும் யாரிடமாவது பேச்சு. அவர் நடுப்புள்ளி என்பது எனக்கு அன்று மதியம்வரை தெரியாது. என்னோடு மட்டும் அவருக்கு ஒரு கோடு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரே வேனில் எங்கள் அடுக்ககத்திலிருந்து ஐந்து குழந்தைகள் போகிறார்கள். ஐந்து வீடு, வாரத்தில் ஐந்து நாள். பெற்றோர் குழுவில் ஒரு அட்டவணை போட்டோம்: ஒரு நாளைக்கு ஒரு வீடு, கேட்டில் நின்று ஐந்து குழந்தைகளையும் இறக்கிக் கூட்டிவர வேண்டும். அட்டவணையைப் போட்டவன் நான். நிறம் நிறமாகக் கட்டம் கட்டி, லாமினேட் செய்து லிப்டுக்குள் ஒட்டினேன். எனக்குச் செவ்வாய்க்கிழமை. மூன்றே வாரத்தில், செவ்வாய்க்கிழமை மூன்றே முக்காலுக்கு வேலப்பன்சாவடியிலிருந்து வந்து நிற்பது நடக்காத காரியம் என்று தெரிந்துபோனது. அக்காவிடம் போனேன். கும்பகோணத்திலிருந்து வரும் டிகிரி காபித்தூள் அரை கிலோ கொண்டுபோனேன். "அக்கா, உங்ககிட்ட மட்டும்தான் கேக்கறேன். செவ்வாக்கிழமை மட்டும். வெளிய தெரிய வேண்டாம், அட்டவண போட்டவனே ஏமாத்தறான்னு பேசுவாங்க."

"அதுக்கென்ன தம்பி, நான் சும்மாத்தான இருக்கேன்," என்றார்.

எலுமிச்சை சாதத்தின் மூன்றாவது வாயில் அவருக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. மறுபடி செய்தேன். ஆறாவது முறை எடுத்தார். பின்னால் நாதஸ்வரம்.

"தம்பியா? சாப்ட்டீங்களா? நான் நெமிலிச்சேரியில ஒரு கல்யாணத்துக்கு வந்தேன். ரயில்ல வந்துட்டேன், திரும்பறதுக்குத்தான் மழை விடமாட்டேங்குது."

எழுந்து நின்றுவிட்டேன். "அக்கா, இன்னைக்கு செவ்வாக்கிழமை!"

"ஆமா, அதான் முந்தாநாளே முந்நூத்தி மூணு அம்மாகிட்ட சொன்னனே, லிப்டு வாசல்ல பாத்தப்ப. எல்லாருக்கும் சொல்லிருன்னு. சொல்லலயா?"

முந்நூற்று மூன்று, முந்நூற்று நான்கில் இருக்கும் எங்களுக்கு எதிர்வீடு. அவர்கள் மகனும் அதே வேனில்தான் போகிறான். அந்த அம்மாவை அழைத்தேன்.

"எங்க பையனுக்கு இன்னைக்கு லீவு போட்டுட்டேன் சார்," என்றார், மிகவும் நிதானமாக. "அக்கா இல்லைன்னாங்க, மழை வேற."

"எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மேடம்."

"நீங்க கேக்கலையே."

உண்மைதான். கேட்கவில்லை. எங்களுக்குள் சுண்டல் வாங்குவதை நிறுத்தி ஒரு வருடம் ஆகியிருந்தது. அந்தக் கோட்டை அழித்தவன் நான்தான்.

அம்பத்தூரில் ஒரு கம்பெனி அலுவலகத்தில் வேலை செய்யும் என் மனைவி அதற்குள் என்னை அழைத்துவிட்டாள். "வேன் வந்துச்சான்னு அக்காகிட்ட கேட்டீங்களா?"

"அக்கா ஊர்ல இல்ல."

"இல்லையா? நான் சொல்லி வச்சிருந்தேனே, செவ்வாக்கிழமைன்னா நீங்க மறந்துடுவீங்கன்னு. போன தீபாவளிக்குச் சுங்குடிப் புடவை எடுத்துக் குடுத்தேன் அவங்களுக்கு."

ஒரே வீட்டிலிருந்து, ஒரே ஆளுக்கு, ஒரே செவ்வாய்க்கிழமைக்கு இரண்டு தனி ஏற்பாடுகள். அதைப் பற்றிச் சண்டை போட அப்போது நேரமில்லை. பிறகு போட்டோம்.

"பம்பு அவ பேக்ல இருக்கா?" என்று கேட்டாள். அதைக் கேட்கும்போது அவள் குரல் மாறிவிட்டது. மகளுக்கு மழையில் நனைந்தால் இளைப்பு வரும். மூச்சு இழுக்கும் மருந்து எப்போதும் பையில் இருக்கும். திங்கட்கிழமை இரவு அதைப் பார்த்துவிட்டு, தீரப்போகிறது என்று வெளியே எடுத்து, புதிது வாங்கி வைக்க வேண்டும் என்று மேசைமேல் வைத்தவன் நான். இருக்கிறது என்று சொன்னேன்.

வேன் ஓட்டுநரின் போன் அணைந்திருந்தது. பள்ளியில் ஒரு பெண் எடுத்து, எல்லா வேன்களும் கிளம்பிவிட்டன, எங்கள் வேனில் வரும் ஆயா மட்டும் மழையால் இன்று வரவில்லை, வேறொன்றும் தெரியாது என்றார். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் இறங்கினேன். திருமழிசையை நெருங்கும்போது வண்டிகள் எல்லாம் நின்றுவிட்டன. தண்ணீர். லாரிகளுக்கு நடுவில், கால்களைத் தரையில் ஊன்றிக்கொண்டு, ஹெல்மெட்டுக்குள் மகளின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தேன். சாலையோரம் எதற்கோ தோண்டிய பள்ளம் எது, சாலை எது என்று தெரியாமல் எல்லாம் ஒரே காபி நிறத்தில் கிடந்தது. அவளுக்கு நாலடி உயரம். அந்தக் கணக்கை என்னால் நிறுத்த முடியவில்லை.

அப்போது போன் அதிர்ந்தது. பாய்ந்து எடுத்தேன். எங்கள் கேட் ஆப். காவலர் யாரையாவது உள்ளே விட வேண்டுமானால் அதில் படம் எடுத்து, வீட்டு எண்ணைப் போட்டு அனுப்புவார். நாங்கள் அனுமதியை அழுத்தினால்தான் தடுப்பு உயரும். 'முந்நூற்று நான்கு. பார்வையாளர்: லேடி. அனுமதிக்கலாமா?' மங்கலான படத்தில், தலைக்குமேல் உரச்சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு ஒரு பெண். யாரென்று தெரியவில்லை. மழை நாளில் வீடுவீடாக உதவி கேட்டு வருவார்கள். இந்த நேரத்திலா என்று எரிச்சலாக வந்தது. ஈரக் கட்டைவிரலால் 'மறு' என்பதை அழுத்தினேன். விரல் ஈரமாக இருந்ததால் முதலில் வேலை செய்யவில்லை. சட்டையில் துடைத்துக்கொண்டு, மறுபடி அழுத்தினேன். அந்தத் துடைத்த காரியத்தைத்தான் என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

வீட்டுக்கு முன்னால் வந்து சேரும்போது மூன்றே கால். முன்சாலையில் முழங்காலுக்குமேல் தண்ணீர். கேட்டில் குடைகளோடு நின்றார்கள்: இருநூற்று ஏழு வீட்டு அம்மா, நானூற்றுப் பதினொன்றில் இருக்கும் செயலாளர். இருவர் பிள்ளைகளும் அதே வேன். நான்காவது குழந்தையின் பெற்றோர் சிறுசேரியில் அலுவலகத்தில் மாட்டிக்கொண்டு, இரண்டு பேரும் மாறி மாறிப் போனில் அழுதுகொண்டிருந்தார்கள்.

செயலாளர் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பெரிய பொறுப்பில் இருப்பவர். கேட்டிலும் கூட்டம் நடத்துவது போலத்தான் பேசுவார். "சார், செவ்வாக்கிழமை உங்க டர்ன்தானே? அட்டவணை லிப்டுல இருக்கு."

"ஆமா சார். நூத்திரண்டு அக்காகிட்ட சொல்லி வச்சிருந்தேன்."

"எந்த அக்கா?" என்றார் இருநூற்று ஏழு. "நம்ம அக்காவா? அவங்க வியாழக்கிழமை எனக்காக..." பாதியில் நிறுத்தினார்.

செயலாளரின் குடை கொஞ்சம் தாழ்ந்தது. "எனக்கு வெள்ளிக்கிழமை," என்றார், மிகத் தணிந்த குரலில்.

சிறுசேரிக்காரரும் போனின் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தார். "எங்களுக்குத் திங்கள்," என்றது போன்.

மழை பெய்துகொண்டிருந்தது. மிச்சமிருந்த புதன்கிழமை முந்நூற்று மூன்றினுடையது; வரமாட்டேன் என்று அக்கா சொல்லிவிட்டுப் போனதே அவரிடம்தான். ஆக, ஐந்து நாளும் அந்த அக்காதான் கேட்டில் நின்றிருக்கிறார். ஐந்து வீட்டுக்காரர்களும் ஒவ்வொருவராக, நாம் ஒருவர்தான் ஏமாற்றுகிறோம் என்ற குற்ற உணர்ச்சியோடு, ரகசியமாகப் போய்க் கேட்டிருக்கிறோம். நான் காபித்தூள். இருநூற்று ஏழு மாதாமாதம் திருநெல்வேலி அல்வா. செயலாளர் அக்கா வீட்டு வைபைக்குத் தானே பாஸ்வேர்ட் போட்டுக் கொடுத்து, அவருக்குத் தொடர் பார்க்கத் தன் கணக்கையும் கொடுத்திருந்தார். ஒருவரும் இன்னொருவரிடம் வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால் அடுத்தவரும் போய்க் கேட்டுவிடுவார்களே.

"மத்த நாள்ல எல்லாம் நீங்கதான் நிக்கறீங்கன்னு நெனச்சேன்," என்றார் இருநூற்று ஏழு என்னிடம். அழ ஆரம்பித்திருந்தார்.

"நான் நீங்கன்னு நெனச்சேன்."

குழுக்களில் செய்தி போட்டோம். நான்கு குழந்தைகள், இந்தச் சீருடை, இந்த வேன், யாராவது பார்த்தீர்களா. இரண்டே நிமிடத்தில் பதில்கள் குவிந்தன. கூப்பிய கைகள் அறுபதுக்குமேல். ஒருவர் செயற்கைக்கோள் மழைப்படம் அனுப்பினார். ஒருவர் 'பி பிளாக் லிப்ட் வேலை செய்கிறதா' என்று கேட்டார். செயலாளரைப் பிடிக்காதவர்கள் குழுவில், இதற்குச் செயலாளர் பொறுப்பேற்க வேண்டும் என்று ஒருவர் எழுதினார். செயலாளர் என் தோளுக்குமேல் எட்டிப் பார்த்து அதைப் படித்துவிட்டார். நானும் அந்தக் குழுவில் இருப்பது அவருக்குத் தெரிந்துபோனது. வேறொரு நாளாக இருந்தால் நான் அந்த இடத்திலேயே வீட்டை விற்றிருப்பேன்.

"இன்னொண்ணு சார்," என்றார் செயலாளர் திடீரென்று. "ரெண்டே முக்காலுக்கு யாரோ ஒரு லேடின்னு எனக்கு ஆப்புல வந்துது. நான் ரிஜெக்ட் பண்ணிட்டேன்."

"எனக்கும் வந்துது," என்றார் இருநூற்று ஏழு. "சாக்கு போட்டுக்கிட்டு."

மூன்று பேரும் காவலரைத் திரும்பிப் பார்த்தோம். பீகாரிலிருந்து வந்து நான்கு நாட்களே ஆனவர். அவருக்குத் தெரிந்த தமிழ் 'எந்த பிளாட்' என்பதோடு முடிகிறது. செயலாளர் இந்தியில் கேட்டார். ஆமாம், ஒரு பெண் மூன்று முறை வந்தார், ஏதோ வேகமாகச் சொன்னார், கையை இப்படி இப்படிக் காட்டினார், எந்த பிளாட் என்று கேட்டேன், மூன்று முறையும் ஒவ்வொரு எண் சொன்னார், மூன்று வீட்டிலும் வேண்டாம் என்றார்கள் என்று காவலர் சொன்னார். மூன்றாவது மறுப்புக்குப் பிறகு ஆப் தானாகவே அவர் படத்தை அன்றைக்கு முழுதும் தடை செய்துவிட்டதாம். 'இப்படி'க்கு அவர் கையைத் தன் இடுப்பு உயரத்தில் வைத்துக் காட்டினார். குழந்தைகளின் உயரம்.

காவலரின் ஸ்டூலில் உட்கார்ந்தேன். "எந்தப் பக்கம் போனாங்க?"

காவலர் சாலை வளைந்து பின்னால் போகும் திசையைக் காட்டினார். காலனி.

எங்கள் மதிலுக்குப் பின்னால் ஒரு காலனி உண்டு. எங்கள் அடுக்ககம் நிற்கும் இந்த நிலத்தில் நாற்று நட்டு அறுத்தவர்களின் குடும்பங்கள். இப்போது சுற்றிலும் உள்ள கம்பெனிகளில் ஷிப்டுக்குப் போகிறார்கள். நடுவில் ஒரு சின்ன இரும்புக் கேட் இருந்தது. அவர்கள் எங்கள் வளாகத்தைக் கடந்து பஸ் நிறுத்தத்துக்குப் போவார்கள். நாங்கள் அவர்கள் தெருக்கடையில் கறிவேப்பிலை வாங்கப் போவோம். ஆறு மாதத்துக்கு முன் பொதுக்குழுவில் அந்தக் கேட்டை மூடலாமா என்று விவாதம் வந்தது. எனக்குப் பேச வாய்ப்புக் கொடுத்தார்கள், பொருளாதாரம் படித்தவனாயிற்றே. "எந்த இணைப்புக்கும் பராமரிப்புச் செலவு இருக்கு. அந்தச் செலவுக்கு மேல பயன் வரலைன்னா, அத வெட்டிடறதுதான் அறிவு," என்றேன். கைதட்டினார்கள். கறிவேப்பிலை இப்போது பத்து நிமிடத்தில் ஆப்பிலேயே வந்துவிடுகிறது என்று ஒருவர் வழிமொழிந்தார். அடுத்த வாரம் கேட்டை வெல்டிங் வைத்து மூடிவிட்டார்கள்.

வேன் ஓட்டுநருக்குப் பொதுக்குழுத் தீர்மானம் எப்படித் தெரியும்? நடந்தது எங்களுக்கும் பிறகுதான் தெரிந்தது. முன்சாலையில் தண்ணீரைப் பார்த்ததும், மேடாக இருக்கும் காலனித் தெருவழியாக வந்து, பின்கேட்டில் நால்வரையும் இறக்கி, உள்ளே ஓடிவிடுங்கள் என்று சொல்லிவிட்டு, மீதிப் பிள்ளைகளோடு போயிருக்கிறார். ஒன்று பத்துக்கு. எங்கள் நான்கு பிள்ளைகளும் வெல்டிங் வைத்த கேட்டின் முன், மழையில்.

நாங்கள் தண்ணீரில் இறங்கத் தொடங்கியபோதுதான் சாலை வளைவில் ஒரு குட்டியானை வந்தது. சரக்கு ஏற்றும் அந்தச் சின்ன வண்டியின் பின்னால் நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தது. தார்ப்பாயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் நின்றிருந்தார். அவர் இடுப்பைச் சுற்றி நான்கு தலைகள். நான்கும் சிரித்துக்கொண்டிருந்தன. தண்ணீர் இரண்டு பக்கமும் அலையாகப் பிரியப் பிரிய, "இன்னும் வேகமா!" என்று செயலாளரின் மகன் கத்தினான். என் மகள் யாருடைய சட்டையோ போட்டிருந்தாள், முழங்கால் வரைக்கும் தொங்கியது.

வண்டி கேட்டில் நின்றது. காவலர் தன் கடமையைச் செய்தார். டேப்லட்டை உயர்த்திப் படம் எடுத்தார். என் கையிலிருந்த போன் அதிர்ந்தது. 'முந்நூற்று நான்கு. பார்வையாளர்: நான்கு சிறுவர். அனுமதிக்கலாமா?' ஐந்தடி தூரத்தில் என் மகள் நிற்கிறாள். நான் அழுத்தினேன். 'காத்திருக்கவும்' என்று ஒரு சக்கரம் சுற்றியது. இருநூற்று ஏழு தடுப்புக்குக் கீழே குனிந்து ஓடிவிட்டார்.

மகளைத் தூக்கிக்கொண்டேன். அவளைத் தூக்கி இரண்டு வருடம் இருக்கும். மூச்சு சீராக வந்தது. தலைமுடியில் நொச்சி வாசனை.

"இளைப்பு வந்துதாம்மா?"

"கொஞ்சம்தான்பா. ஆன்ட்டி ஆவி பிடிக்க வச்சாங்க. அப்பா, நான் உன் நம்பருக்கு எத்தன தடவ போன் பண்ணேன் தெரியுமா? நீ ஏன் எடுக்கவே இல்ல?"

நான்கு வயதிலேயே என் எண்ணை அவளுக்கு மனப்பாடம் செய்ய வைத்திருந்தேன். தெரிந்தவர் எல்லாரிடமும் சொல்லச் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன். போனைப் பார்த்தேன். ஒன்று இருபதிலிருந்து ஒரே எண்ணில் ஒன்பது அழைப்புகள். ஒன்றுகூட ஒலிக்கவில்லை. தெரியாத எண்ணிலிருந்து யார் அழைத்தாலும் ஒலிக்கக் கூடாது, அறிவிப்பும் காட்டக் கூடாது என்று நான்தான் அதைப் பழக்கியிருந்தேன். மனை விற்பவர்களின் தொல்லை தாங்காமல். அந்த நாளுக்குப் பிறகு எல்லா அழைப்பையும் எடுக்கிறேன். திருவள்ளூர் வட்டாரத்தில் எங்கெங்கே மனை விலைக்கு வருகிறது என்று என்னைக் கேட்கலாம்.

அந்தப் பெண் வண்டியிலிருந்து இறங்கினார். நாற்பது வயது இருக்கும். கம்பெனிச் சீருடையின் நீல மேல்சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. வேலைக்குக் கிளம்பிப் போகாமல் நின்றவர் என்று பார்த்ததும் தெரிந்தது. எப்படி நன்றி சொல்வதென்று தெரியாமல் நான் கையைக் கூப்பிக்கொண்டு நின்றேன். குழுவில் வந்த அந்த அறுபது கைகளைப் போலவே இருந்திருக்கும்.

"இன்னா சார் நீங்க," என்றார். "மூணு வாட்டி வந்துகினு போய்கினு கீறேன் இந்தத் தண்ணில. கொயந்தைங்க எங்கூட்டுல கீதுன்னு சொல்றேன், அந்த ஆளு 'எந்த பிளாட்டு, எந்த பிளாட்டு'ங்கறான். பாப்பா சொன்ன நம்பரச் சொன்னேன். வேணான்ட்டாங்கன்றான். பெத்த கொயந்தைய யாருனா வேணாம்பாங்களா?"

நான் போனைச் சட்டைப் பைக்குள் தள்ளிக்கொண்டேன்.

"கேட்டாண்ட நின்னு அய்துகினு இருந்துச்சுங்க. இந்தப் பாப்பாதான் கம்பியப் புட்ச்சு ஆட்டிகினு கெடந்துச்சு. சரின்னு இட்டாந்து, தல தொவட்டி, சோறு போட்டேன். இந்தத் தம்பி மட்டும் ரசம் வேணான்ட்டான்," என்று செயலாளரின் மகனைக் காட்டினார். "அவன் ரொம்ப கிராக்கி பண்றான் சார்."

"ஆன்ட்டி, நான் ரெண்டாவது தடவ வாங்கிக்கிட்டேன்ல?" என்றான் அவன்.

"உங்களுக்கு டூட்டி இருந்துதா?" என்று கேட்டேன்.

"ரெண்டாம் ஷிப்டு. கம்பெனி பஸ்ஸு ஒண்ணே முக்காலுக்கே பூட்ச்சு. அத்த வுடு."

அப்போது செய்த காரியத்தை நாங்கள் யாரும் பேசி வைத்துக்கொண்டு செய்யவில்லை. நான், செயலாளர், இருநூற்று ஏழு, மூன்று பேரும் ஒரே நேரத்தில் போனை எடுத்தோம். மூன்று பேரும் ஒரே நேரத்தில், மற்ற இருவருக்கும் கேட்காதபடி கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "அக்கா, உங்க நம்பர்..." என்றோம். செயலாளர் இன்னும் ஒரு படி போய், "பின்பக்கம் வீடுதானே, வாரத்துல ஒரு நாள் மட்டும்..." என்று ஆரம்பித்துவிட்டார்.

அவர் எங்கள் மூன்று முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். சிரிக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. புடவைத் தலைப்பைப் பிழிந்துகொண்டார்.

"என் நம்பரு உம் போன்லயே கீது சார், ஒம்போது வாட்டி அட்ச்சது நான்தான்," என்றார் என்னிடம். பிறகு எல்லாருக்கும் பொதுவாக, கேட்கும்படி சொன்னார்: "ஆனா ஆளாளுக்கு ஒரு நாளுன்னு எந்தலைல கட்டிட்டுப் போவாதீங்க. நாளைக்கி எனக்கு மொத ஷிப்டு, நான் இருக்கமாட்டேன். கேட்ட மட்டும் தெறந்து வைங்க, தெருவுல யாருனா இருப்போம்."